விசாரணை அக்காவின் வியாழக்கிழமைகள்

நகர விசாரணை நிலையம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் அழைத்து, இன்ன இடத்துக்கு எப்படிப் போவது, எந்த வாசலில் நுழைவது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்கலாம். ஒரு நீள அறையில் ஏழு பெண்கள் காதில் தொலைபேசிக் கருவியை மாட்டிக்கொண்டு பதில் சொல்வார்கள். ஜன்னலிலிருந்து மூன்றாவது நாற்காலியில் இருபத்தொன்பது ஆண்டு ஏழு மாதம் உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அலுவலகத்தில் அவருக்கு விசாரணை அக்கா என்று பெயர். அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவனான நானும் அப்படித்தான் அழைத்தேன்.

பதில்கள் அட்டைகளில் இருந்தன. அட்டைகளை எழுதுவதும் திருத்துவதும் என் வேலை. நான் ஓய்வு பெற்ற நாளில் நாலாயிரத்து முன்னூற்றுப் பதினாறு அட்டைகள் இருந்தன. எல்லா அட்டைகளும், "ரயில் நிலையத்தின் முன்வாசலில் நின்றுகொண்டால்" என்றே தொடங்கும். அழைப்பவர் எந்த மூலையிலிருந்து பேசுகிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ரயில் நிலையம் தெரியாதவர் கிடையாது. அங்கே வந்து நின்றுவிட்டால் மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

நாற்காலியில் இருப்பவர்களுக்கு இரண்டு விதிகள். அழைப்பவரிடம் "தெரியாது" என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அட்டையைத் தேட வேண்டும். தவறான பதில் சொல்லிவிட்டதாகத் தெரியவந்தால், அன்று வீட்டுக்குப் புறப்படுமுன் பிழைப் பதிவேட்டில் தானே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கேள்வி என்ன, சொன்ன பதில் என்ன, சரியான பதில் என்ன என்று மூன்று கட்டங்கள். அந்தப் பதிவேடும் என் மேசையில்தான் இருந்தது. நான் இருந்தவரையில் அக்கா எழுதியவை பதினொன்று. அவற்றில் ஒன்பதை அவராகவே வந்து சொல்லியிராவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அக்காவின் குரலை அறியாத வீடு ஊரில் குறைவு. முகத்தை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு பேருந்து, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு அதே பேருந்து. அவர் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர், நல்ல மனிதர், செருப்பைக் கழற்றினால் மறுநாள் காலைதான் போடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்காவது போகலாமா என்று கேட்டால், "அங்க போய் என்ன பண்ணப் போறோம்?" என்பார். அக்காவும் பத்துப் பதினைந்து தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். உயிர்க்காட்சிசாலையில் யானை எந்தப் பக்கம், ஒட்டகம் எந்தப் பக்கம் என்று சொல்வார். யானையைப் பார்த்ததில்லை.

அக்கா ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் கணவர் இறந்தார். அதற்கு அடுத்த மாதம் ஏதோ கையெழுத்துக்காக வங்கிக்குப் போனார். அட்டையில் இருந்த இடத்திலிருந்து வங்கி ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மாறியிருந்தது. அக்கா இரண்டரை மணி நேரம் சுற்றினார். கடைசியில் வேறொரு வங்கியின் காவலாளி கையைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் கட்டடத்தில் விட்டுவிட்டுப் போனார். நான் இரண்டாம் மாடி, அக்கா நான்காம் மாடி. காவலாளி முதலில் தட்டியது என் கதவை.

இந்தச் செய்தி மகன் காதுக்குப் போயிற்று. அவனுக்கு முப்பத்து நான்கு வயது. நான்கு மணி நேரத் தொலைவிலுள்ள வேறொரு நகரத்தில், குளிர்சாதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன். அடுத்த ஞாயிறே வந்துவிட்டான். வங்கிக் காவலாளியைப் பார்த்த சாட்சி என்பதால் என்னையும் மேலே கூப்பிட்டார்கள்.

"அம்மா, பேசாம எங்ககூட வந்துடு. பின்பக்க ரூமைச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கோம்."

"எதுக்கு? எனக்கு இங்க என்ன குறைச்சல்?"

"உனக்கு இந்த ஊரே தெரியாதும்மா."

அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "யாருக்கு? எனக்கா? ஊருக்கே வழி சொன்னவடா நான்."

"சொன்னே. போனியா?"

அக்கா கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். மகன் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பான் போல. பிறகு அவனே ஓர் ஏற்பாட்டைச் சொன்னான். பதின்மூன்று வாரம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அம்மா தனியாக ஓர் இடத்துக்குப் போய்விட்டு வர வேண்டும். மாலை ஏழு மணிக்கு அவனுக்குப் போன் செய்ய வேண்டும்.

"பதிமூணு வாரமும் நீயா போய் நீயா திரும்பி வந்துட்டா, அப்புறம் நான் வாயைத் திறக்கல. இது உன் வீடு, இது உன் ஊர். ஆனா ஒரே ஒரு தடவை யாராவது உன்னைக் கொண்டுவந்து வாசல்ல விட்டாங்கன்னா, அந்த வாரமே பெட்டி கட்டணும்."

"டாக்சிக்காரன் அந்த 'யாராவது'ல சேர்த்தியா?"

"சேர்த்தி."

"பஸ்?"

"பஸ்ல நீ வந்தா அது நீ வந்தது."

"சரி" என்றார் அக்கா. கைகுலுக்கிக்கொள்ளாத குறை.

புதன்கிழமை மாலையில் அக்கா என் வீட்டுக்கு வருவார். மறுநாள் போகும் இடத்துக்கான அட்டையை நினைவிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சரியா என்று பார்க்கச் சொல்வார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நடந்ததைச் சொல்வார். நான் எழுதி வைத்துக்கொண்டேன். கீழே வருபவை அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்தவை.

முதல் வாரம் அருங்காட்சியகம். போவதில் சிரமமே இல்லை. ரயில் நிலைய முன்வாசலில் நின்று, மனத்துக்குள் தன் அலுவலகக் குரலில் அட்டையைச் சொல்லிக்கொண்டே நடந்துபோய் வாசலை அடைந்துவிட்டார். திரும்பும்போதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் அட்டைகளில் போகும் வழி மட்டுமே உண்டு. திரும்பி வரும் வழியைக் கேட்டு ஒருவரும் அழைத்ததில்லை, நானும் எழுதியதில்லை. அக்கா ஒரு முறையைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முக்கு வந்ததும் அருங்காட்சியகத்தைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொள்வது, அட்டைப்படி இடமா வலமா என்று பார்ப்பது, பிறகு மறுபடி திரும்பி அதற்கு எதிர்ப்பக்கம் நடப்பது. ஒன்பது முக்குகள், ஒன்பது சுற்றுகள். ஆறாவது முக்கில் போக்குவரத்துக் காவலர் வந்து, "ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லப்பா, கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாராம் அக்கா.

"உள்ள என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"கூடத்துல பெரிய எலும்புக்கூடு ஒண்ணு நிக்குது சார். போய் நின்னேன். அதுக்குள்ள ஒரு அம்மா கழிப்பறை எங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். பின்னாடியே நாணயப் பிரிவு எங்கன்னு ஒருத்தர். அப்புறம் வரிசையா ஆறு பேரு. நமக்கு போன் பண்ற ஆளுங்க மாதிரியே, ஒருத்தர் முடிச்சா இன்னொருத்தர்."

"எலும்புக்கூட்டைப் பாத்தீங்களா இல்லையா?"

"அது முதுகுப் பக்கம் இருந்தது சார்."

இரண்டாம் வாரம் குடைக்கடை. எழுபது ஆண்டுப் பழைய கடை, குடை மட்டுமே விற்பவர்கள். அக்கா காலை ஒன்பது ஐந்துக்குப் புறப்பட்டு, பேருந்தில் ரயில் நிலையம் போய், முன்வாசலில் நின்று, அட்டைப்படி வேறொரு பேருந்து பிடித்து, இறங்கி நடந்து, கடைக்குப் போய்ச் சேரப் பதினொன்றே கால் ஆகிவிட்டது. நல்ல குடை, மரக் கைப்பிடி. வந்த வழியே சுற்றித் திரும்பி வீடு வந்தார். அந்தக் கடையின் பெயர்ப்பலகை என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். இரண்டு தெரு தள்ளி. இதை நான் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. சொன்னபோது அக்கா ஜன்னலருகே போய்ப் பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"அட்டை தப்பில்லையே சார்" என்றார்.

"அட்டை தப்பில்லை."

"அப்ப சரி."

யாரிடமாவது வழி கேட்டிருக்கலாமே என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். நானும் கேட்டேன். வாய் வரவில்லை என்றார். முப்பது ஆண்டு மற்றவர்கள் கேட்டு இவர் சொன்னது; அந்தத் தண்டவாளத்தில் எதிர்ப்பக்கமாக வண்டி ஓடவில்லை. யாரையாவது நெருங்கி, "கொஞ்சம்..." என்று தொடங்கினால், அவர்கள் முகத்தைப் பார்த்ததும் "உங்களுக்கு எங்க போகணும்?" என்றுதான் வருகிறதாம்.

மூன்றாம் வாரம் ஐந்து மாடிக் கடை ஒன்று. அதன் அடித்தளத்தில் உணவுப் பொருள்கள். மேசை மேசையாக ஆள் நின்று சிறு தட்டுகளில் ஏதோ நீட்டினார்கள். இங்கே சாப்பாட்டு ஏற்பாடு இப்படித்தான் போலிருக்கிறது என்று அக்கா முடிவு செய்துவிட்டார். முதல் சுற்றில் பாலாடைக்கட்டி, பிஸ்கட், ஊறுகாய் தடவிய ரொட்டித் துண்டு. இரண்டாம் சுற்றில் பிடித்ததை மட்டும். மூன்றாம் சுற்றில் பாலாடைக்கட்டிக்காரியிடம், "இதையே இன்னும் கொஞ்சம் கெட்டியா வெட்டிக் குடும்மா" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் கொடுத்திருக்கிறாள். முடித்துவிட்டுக் கை கழுவும் இடம் எங்கே என்று தேடியபோதுதான் எல்லாரும் தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாக எடுத்துப்போவதைக் கவனித்தார்.

"மாதிரிக்குக் குடுக்கறது சார் அது" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் மத்தியானச் சாப்பாட்டையே முடிச்சுட்டேன்."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"வெறுங்கையோட வர மனசில்ல. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு கட்டி வாங்கினேன். உங்களுக்குப் பாதி கொண்டுவந்திருக்கேன்."

ஐந்தாம் வாரம் மரச்சாமான் கடை. தரையில் அம்புக்குறி போட்டு, அம்பு போகும் வழியில்தான் நடக்கவேண்டும் என்று கட்டிய கடை. அம்புக்குறி என்றால் அக்காவுக்குக் கட்டளை மாதிரி. எல்லா அறையும் பார்த்து, கால் வலித்து, காட்சிக்காக அமைத்திருந்த ஒரு கூடத்தின் சோபாவில் உட்கார்ந்தார். புதிதாகக் கல்யாணமான இருவர் வந்து மேசைவிளக்கு எங்கே என்று கேட்டார்கள். அம்பு வழியே நாற்பது அடி, கண்ணாடி அலமாரி தாண்டி வலப்பக்கம் என்று அக்கா சொன்னார். பிறகு மெத்தை கேட்டவர்கள், தொட்டில் கேட்டவர்கள். மூன்று மணிக்குக் கடையின் தளப் பொறுப்பாளர் வந்து எதிரில் நின்றார்.

"நீங்க எந்தப் பிரிவும்மா? அடையாள அட்டை எங்க?"

"நான் பாக்க வந்தவப்பா."

"காலையிலிருந்து இங்கதான் இருக்கீங்களாமே. பசங்க உங்களைப் புதுசா சேர்ந்த சூப்பர்வைசர்னு நெனச்சுச் சாப்பிடப் போகவே பயந்துட்டு நிக்கிறாங்க."

ஏழாம் வாரக் குறிப்பை எழுதும்போது நான் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. ஆற்றங்கரையில் பெரிய உணவகம். "எத்தனை பேரு மேடம்?" என்று வாசலில் கேட்டார்கள். "ஒருத்தர்." "இன்னும் யாராவது வருவாங்களா?" "வரமாட்டாங்க." நான்கு பேர் மேசையில் உட்கார வைத்தார்கள். பரிமாறுபவர் வந்து எதிரில் இருந்த மூன்று தட்டுகளையும் மூன்று குவளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார். எடுக்கும்போது சத்தம் வராமல் எடுத்தாராம். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றார் அக்கா. பட்டியலில் வாயில் நுழையும் பெயராக சூப் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னார். வந்தது நான்கு பேருக்கான சூப்; குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒரு பாத்திரம். அக்கா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, பக்கத்து மேசையில் பேசிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்த கணவன் மனைவியிடம் பாத்திரத்தை நகர்த்தினார். அவர்கள் சண்டையை நிறுத்திவிட்டுக் குடித்தார்கள்.

"அவரை ஒரு தடவையாவது இழுத்துட்டுப் போயிருக்கலாம் சார். கையைப் பிடிச்சு இழுத்தா வந்திருப்பாரு. நான் வாயால கேட்டதோட நிறுத்திட்டேன்."

எட்டு வாரங்கள் இப்படிப் போயின. எட்டு வியாழக்கிழமைகளிலும் மாலை ஆறுக்குள் வீடு, ஏழுக்குப் போன். மகனும் முதலில் இருந்த விறைப்பு குறைந்து, "அப்புறம்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தான்.

ஒன்பதாம் வாரம் ஏரிக்கரை மீன் காட்சியகம். உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மீனுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை என்பதால் அன்றுதான் முழுதாக எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு தட்டை மீன் கண்ணாடியருகே வந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அது எதுவும் கேட்காதது பெரிய நிம்மதி என்றார். மூன்றே முக்காலுக்கு வெளியே வந்தார். இரண்டாவது முக்கில் சாலையைத் தோண்டிப் போட்டுத் தடுப்பு வைத்திருந்தார்கள். மாற்று வழி என்று ஓர் அம்பு. அம்பின்படி போனார். அடுத்த அம்பு இல்லை. அட்டையின் தொடர்ச்சி அறுந்தது. திரும்பி நின்று பார்க்கவும் முடியவில்லை, காட்சியகம் எந்தப் பக்கம் என்பதே போய்விட்டது.

நாலே காலுக்கு வழி தப்பியதாக அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தார். ஒரு செருப்புத் தைக்கும் கடையை நான்கு தடவை கடந்தார். முதல் தடவை கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் தடவை தலையசைத்தார். மூன்றாம் தடவை "வாங்க" என்றார். நான்காம் தடவை எழுந்தே நின்றுவிட்டார். அவரிடம் கேட்டிருக்கலாம். அக்கா அவர் கடைப் பலகையைப் படிப்பது போல நின்றுவிட்டு நகர்ந்தார்.

ஐந்து இருபதுக்கு, தெரு கழுவும் லாரி ஒன்று தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு மெதுவாக வந்தது. ஓரமாக ஒதுங்கிய அக்காவின் கால் நனையக்கூடாதென்று ஓட்டுநர் தண்ணீரை நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில்தான் அக்காவின் வாயிலிருந்து வந்தது.

"ரயில் நிலையம் எந்தப் பக்கம்ப்பா?"

"நீங்க எங்கம்மா போகணும்?"

அக்கா தெருப் பெயரைச் சொன்னார்.

"அதுக்கு எதுக்கு ரயில் நிலையம்? உங்க தெரு என் ரூட்லதான் இருக்கு. ஏறுங்க. ஆனா அவசரப்படுத்தக்கூடாது, வழியெல்லாம் கழுவிக்கிட்டேதான் போகணும்."

கால் கொப்புளித்திருந்தது. ஏறிவிட்டார்.

பதினொரு தெருக்களைக் கழுவிக்கொண்டு லாரி வந்து சேர ஒரு மணி பதினைந்து நிமிடம். ஆறு முப்பத்தைந்துக்கு எங்கள் கட்டடத்தின் முன் நின்றது. நான் மாடியில் நின்றிருந்தேன். முன்னால் சுழலும் மஞ்சள் விளக்கு, இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறல், நடுவில் உயரத்தில் மடியில் கைப்பையுடன் அக்கா. ஓட்டுநர் இறங்கி வந்து கதவைத் திறந்து, கைகொடுத்து இறக்கி, வாசற்படிவரை கொண்டுவந்து விட்டார்.

அக்கா நான்காம் மாடிக்குப் போகவில்லை. என் வீட்டில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். ஏழு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது.

நான் ஒன்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "லாரி நம்ம தெருவைக் கழுவ வந்தது. நீங்க அதுல இருந்தீங்க. இது பஸ் மாதிரிதானே? கொண்டுவந்து விட்டதா எப்படி எடுத்துக்க முடியும்? அவன் கேக்கப்போறது 'நல்லபடியா வந்துட்டியா'ன்னுதான். வந்துட்டேன்னு சொல்லுங்க. அதுல பொய் இல்ல."

அக்கா குவளையை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், அந்தப் பதிவேட்டை வெச்சிருந்தது நீங்கதானே?"

ஏழு மணிக்கு என் வீட்டுத் தொலைபேசியிலிருந்தே அழைத்தார். அலுவலகக் குரலில், அடுக்காகச் சொன்னார். "இன்னிக்கு மீன் காட்சியகம் போனேன். வர வழியில நாலே காலுக்கு வழி தப்பிட்டேன். அஞ்சு இருபதுக்குத் தெரு கழுவுற லாரிக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். அவர் கொண்டுவந்து வாசல்ல விட்டாரு. ஆறு முப்பத்தஞ்சு."

மகன், "சனிக்கிழமை வரேன்" என்றான். வைத்துவிட்டான்.

சனிக்கிழமை பதினொன்றே காலுக்கு ஒரு வேனுடன் வந்தான். மூன்று பெட்டிகள் கூடத்தில் தயாராக நின்றன. கயிறு போட்டு, பெட்டிக்கு நான்கு முடிச்சு. ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் ஒட்டியிருந்தது. வழியனுப்புவதற்காக நானும் மேலே போயிருந்தேன். பெட்டிகளைக் கீழே இறக்குவதற்குப் பதில் அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"தெரு கழுவுற லாரியிலயாம்மா வந்தே?"

"முன் சீட்டுலதான்டா."

"ஒரு மணி நேரம் சுத்தியிருக்கே. ஒருத்தர்கிட்ட கூடக் கேக்கலையா?"

"கேக்க வரல. கடைசியில வந்துது."

"பயமா இருந்துதா?"

அக்கா யோசித்தார். "அந்தச் செருப்புக்காரர் எழுந்து நின்னப்போ கொஞ்சம் பயமா இருந்துது."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஏன் சொன்னே?" என்றான். "சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரியப்போவுது?"

"சாரும் அதையேதான் சொன்னாரு."

அவன் என் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்களுமா?" நான் இரண்டாவது பெட்டியின் பட்டியலைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். போர்வை இரண்டு, சீப்பு ஒன்று, மரக் கைப்பிடிக் குடை ஒன்று.

அவன் குரல் இறங்கியது. "அப்பாவுக்குப் பதினாறு நாளா நெஞ்சு வலி இருந்திருக்கு. எல்லாம் முடிஞ்சப்புறம் டாக்டர் சொன்னாரு. தினமும் போன்ல என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'நல்லா இருக்கேன், இங்க ஒரே மழை.' மழையைப் பத்திச் சொல்லத் தெரிஞ்சுது அவருக்கு."

"எனக்கும் சொல்லலடா. பக்கத்துலயே படுத்திருந்தேன்."

"தெரியும். நீயும் அப்படித்தான் இருப்பேன்னு நெனச்சேன். கூட வெச்சுக்கிட்டா மூஞ்சியைப் பாத்தாவது கண்டுபிடிக்கலாம்னு. நீ வழி தப்பிப் போறது எனக்குப் பெரிய விஷயமே இல்லம்மா. போனைப் போட்டு 'நல்லா இருக்கேன்'னு சொல்லிடுவியோன்னுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ இங்கயே இரு. நான் வாயைத் திறக்கல."

பிரச்சினை அங்கே தீர்ந்துவிட்டதாக நான் நினைத்தேன். அக்கா விடவில்லை.

"அதெப்படி? பேச்சுன்னா பேச்சு. கொண்டுவந்து விட்டா பெட்டி கட்டணும்னே. நான் சரின்னேன். கட்டிட்டேன். எடுடா பெட்டியை."

"நிபந்தனை போட்டவன் நான். நானே வேணாங்கறேன்."

"நடுவுல மாத்தறதுக்கு அது என்ன சீட்டாட்டமா?"

பத்து நிமிடம் இப்படியே போயிற்று. மகன் கெஞ்சினான், அதட்டினான், மறுபடி கெஞ்சினான். அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். கடைசியில் அவன் என்னிடம் வந்தான்.

"அங்கிள், அம்மா சொல்லுவாங்களே, ஏதோ பதிவேடு. அதுல தப்பை எழுதினவங்களை வேலையை விட்டு அனுப்புவீங்களா?"

"இல்லப்பா" என்றேன். "எழுதினவங்க மறுநாள் வந்து அதே நாற்காலியில உட்காருவாங்க. எழுதாம மறைச்சவங்களைத்தான் அனுப்பினோம். என் காலத்துல ரெண்டு பேரு."

இது நடந்த உண்மை. பெயர்களையும் தேதிகளையும் இப்போதும் சொல்ல முடியும். அக்காவுக்கும் அந்த இரண்டு பேரைத் தெரியும். ஒருத்தி நான்காவது நாற்காலி. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்ற இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்றார் மகனிடம். "எல்லாத்தையும் பெட்டியில போட்டுட்டேன். அரிசி மூணாவதுல இருக்கு."

அவன் பையிலிருந்து கத்தியை எடுத்தான்.

"அறுக்காதே. நல்ல கயிறு அது."

கத்தியை உள்ளே வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பன்னிரண்டு முடிச்சுகள். நகத்தால், பல்லால், ஒரு கரண்டிக் காம்பால் என்று முயன்றான். மூன்றாவது பெட்டியிலிருந்து தொடங்கினான். முதல் முடிச்சு அவிழவே ஆறு நிமிடம் ஆயிற்று. சட்டை முதுகு நனைந்துவிட்டது.

"இவ்வளவு இறுக்கி யாரும்மா கட்டுவாங்க?"

"பிரிக்கணும்னு நெனச்சா கட்டினேன்?" என்றார் அக்கா, அடுப்பைத் துடைத்தபடி.